வழு அறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள்: கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கட்டற்ற மென்பொருளுக்குக் கைகொடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக மூலநிரலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள், பழக்கமில்லாத அடைவுப் பெயர்கள், ஒரு மணி நேரம் ஓடியும் முடியாத பில்ட் (மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலை) என்று எல்லாம் சேர்ந்து மிரட்டுகின்றன. இரண்டே நாளில் ஆர்வம் வடிந்துவிடுகிறது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் டிராக்கருக்குப் போங்கள். மென்பொருளின் வழுக்களை, அதாவது கோளாறுகளை, திட்டம் பதிந்து வைக்கும் இடம் அது. பயனர்கள் எழுதிப் போட்ட வழு அறிக்கைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பலவற்றை இன்னும் யாருமே சரிபார்க்கவில்லை.

அப்படிக் கிடக்கும் ஓர் அறிக்கையை டெவலப்பர் ஒருவர் திறந்தால், வழு உண்மையா, எந்தப் பதிப்பில் வருகிறது, அதை எப்படி வரவழைப்பது என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே அவருடைய மாலைப்பொழுது கழிந்துவிடும். அந்த வேலையை நீங்கள் முடித்து வைத்தால் அவர் நேராகத் திருத்தத்தில் இறங்கலாம். இதற்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொறுமையும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கமும் இருந்தால் போதும். இதைத் தொடர்ந்து செய்கிறவருக்கு மென்பொருளின் எந்த மூலையில் எது உடையும் என்பது பிடிபட்டுவிடும். பிறகு மூலநிரலைத் திறக்கும்போது அது அந்நியமாகத் தெரியாது.

எந்தத் திட்டம்?

தினமும் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். அதில் எது இயல்பு, எது கோளாறு என்பது ஏற்கெனவே உங்கள் கைக்குத் தெரியும். புகழ்பெற்ற திட்டம் என்பதற்காக, பயன்படுத்தாத ஒன்றில் போய் நிற்காதீர்கள்.

தேர்ந்தெடுத்ததும் அந்தத் திட்டத்தில் நடமாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் கமிட்கள், அதாவது மூலநிரலில் சேர்த்த மாற்றங்கள், வந்திருக்கின்றனவா? புதிய அறிக்கைகளுக்கு யாராவது பதில் எழுதுகிறார்களா? இரண்டுமே இல்லாத இடத்தில் உங்கள் உழைப்பைப் பார்க்க ஆள் இருக்காது. பங்களிப்பாளர்களுக்கான வழிமுறைக் கோப்பு பெரும்பாலான திட்டங்களில் இருக்கும். அதை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

டிராக்கர் என்பது எல்லா இடத்திலும் ஒரே கருவி அல்ல. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 1998-இலிருந்து தன் சொந்தப் படைப்பான பக்ஸில்லாவை வைத்திருக்கிறது. அலுவலகத் தொகுப்பான லிப்ரெஆபீஸும் லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஈயும் அதே பக்ஸில்லாவைத் தங்களுக்கெனத் தனியாக நிறுவிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு டெஸ்க்டாப்பான குனோம் 2018-இல் கிட்லேபுக்கும், நிரல்மொழியான பைத்தான் 2022-இல் கிட்ஹபுக்கும் மாறின. லினக்ஸ் வழங்கலான (லினக்ஸோடு மென்பொருள்களைச் சேர்த்துத் தரும் தொகுப்பான) உபுண்டு, லாஞ்ச்பேட் என்ற தளத்தில் இருக்கிறது. இன்னொரு வழங்கலான டெபியனில் எல்லாமே மின்னஞ்சல் வழியாக நடக்கும். அறிக்கையின் நிலையை மாற்றக்கூட ஒரு மின்னஞ்சல்தான் அனுப்ப வேண்டும். புதிதாக வருகிறவருக்கு லிப்ரெஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், கேடிஈ மூன்றையும் நான் பரிந்துரைப்பேன். வழு அறிக்கைகளைச் சரிபார்த்துத் தரம் பிரிப்பதற்கென்றே இவற்றில் தெளிவான வழிமுறைகள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு பராமரிப்பாளர் தனியாக இழுத்துக்கொண்டு போகும் சிறு திட்டமும் நல்ல இடம்தான். ஆனால் அங்கே வேலையைத் தொடங்குமுன், "திறந்திருக்கும் அறிக்கைகளைச் சரிபார்த்துத் தரலாமா?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதலில் வாசிப்பு

கணக்கு தொடங்கியதும் எதையும் தொடாதீர்கள். முடித்து வைக்கப்பட்ட அறிக்கைகளைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை படியுங்கள். யார் என்ன கேட்டார், அறிக்கை எழுதியவர் என்ன தந்தார், எந்தத் தகவல் வந்தபிறகு வேலை நகர்ந்தது என்பதைக் கவனியுங்கள். இருபது அறிக்கைகளை இப்படிப் படித்தாலே அந்தத் திட்டத்தின் பேச்சு வழக்கம் புரிந்துவிடும்.

ஒவ்வொரு திட்டமும் நிலைகளுக்குத் தன் சொற்களை வைத்திருக்கிறது. லிப்ரெஆபீஸில் புதிய அறிக்கை "அன்கன்ஃபர்ம்ட்" நிலையில் இருக்கும். அறிக்கை எழுதியவர் அல்லாத இன்னொருவர் தன் கணினியில் அதை வரவழைத்துப் பார்த்தால்தான் அது "நியூ" நிலைக்குப் போகும். அந்த இன்னொருவர் நீங்களாக இருக்கலாம்; வேறு தகுதி எதுவும் கேட்கமாட்டார்கள். லாஞ்ச்பேடில் "நியூ", "இன்கம்ப்ளீட்", "கன்ஃபர்ம்ட்", "டிரையாஜ்ட்" என்று வரிசை போகும். "டிரையாஜ்ட்", அதாவது தரம் பிரித்தாயிற்று என்ற நிலையை எல்லோரும் வைக்க முடியாது. அதற்கான உரிமை கொடுக்கப்பட்ட குழுவினரே வைப்பார்கள். டெபியனில் வழுவின் தீவிரத்துக்கு ஏழு படிகள் உண்டு. மேலே உள்ள மூன்றும், அதாவது கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் ஆகியவை, அடுத்த நிலைப்பதிப்பு வெளிவருவதையே தடுத்து நிறுத்தக்கூடியவை. அவற்றை விளையாட்டாக வைக்கக் கூடாது.

தீவிரமும் முன்னுரிமையும் வேறு வேறு என்பதையும் இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழு எவ்வளவு கேடு செய்கிறது என்பது தீவிரம். அதை முதலில் கவனிக்க வேண்டுமா, பிறகு பார்க்கலாமா என்பது முன்னுரிமை. முன்னதை நீங்கள் சோதித்துச் சொல்லலாம். பின்னதைப் பராமரிப்பாளர்களிடம் விட்டுவிடுங்கள்.

மேசையைத் தயார் செய்வது

அறிக்கையைச் சரிபார்க்க இரண்டு பதிப்புகள் தேவை: இப்போது வெளியீட்டில் இருக்கும் நிலைப்பதிப்பு ஒன்று, அன்றாடம் உருவாகும் நைட்லி பில்ட் ஒன்று. பழைய பதிப்பில் மட்டும் பார்த்துவிட்டு "ஆமாம், வருகிறது" என்று எழுதினால், அது எப்போதோ திருத்தப்பட்டுவிட்டதா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

உங்கள் சொந்த அமைப்புகள் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் சோதனைக்கென்று புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். லிப்ரெஆபீஸில் உதவிப் பட்டியலிலிருந்தே பாதுகாப்பு முறைக்கு மாறித் திறக்கலாம். நீட்சிகள், பழைய அமைப்புகள், நீங்கள் மாற்றி வைத்த எழுத்துரு ஆகிய மூன்றும் சேர்ந்து எத்தனையோ பொய் வழுக்களை உண்டாக்கும். வேறு இயங்குதளத்தில் மட்டும் வரும் வழுக்களுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல் மெஷின் வைத்துக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் அது கட்டாயம் இல்லை.

ஓர் அறிக்கையை எடுத்து முழுதாகப் பார்ப்போம்

ஒரு கற்பனை அறிக்கை. உரைத் தொகுப்பி ஒன்றின் டிராக்கரில் ஒரு பயனர் இப்படி எழுதியிருக்கிறார்: "தேடல் வேலை செய்யவில்லை. சொல் கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. உடனே சரிசெய்யவும்." பதிப்பு எண் இல்லை, கோப்பும் இல்லை.

நீங்கள் புதிய கோப்பு திறந்து, "கொடி" என்று தட்டச்சு செய்து தேடுகிறீர்கள். கிடைக்கிறது. "எனக்கு வேலை செய்கிறது" என்று எழுதி மூடிவிடும் ஆசை வருவது இந்த இடத்தில்தான். மூடாதீர்கள். எரிச்சலோடு எழுதியிருந்தாலும், கண்ணெதிரே இருக்கும் சொல் கிடைக்கவில்லை என்று ஒருவர் பொய் சொல்லப் போவதில்லை. அவரிடம் இருக்கும் ஏதோ ஒன்று உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கோப்பைக் கேளுங்கள்:

"அறிக்கைக்கு நன்றி. புதிதாகத் தட்டச்சு செய்த கோப்பில் எனக்குத் தேடல் சரியாக வருகிறது. உங்கள் கோப்பில் வேறு ஏதோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். சிக்கல் வரும் கோப்பை, சொந்தத் தகவல்களை நீக்கிவிட்டு, இங்கே இணைக்க முடியுமா? உதவிப் பட்டியலில் 'பற்றி' என்பதை அழுத்தினால் வரும் பதிப்பு எண்ணையும் தாருங்கள்."

இரண்டே கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் விடையை எங்கே எடுப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது. பத்துக் கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டால் பயனர் அதோடு போய்விடுவார்; அறிக்கையும் அநாதையாகிவிடும். தொழில்நுட்பச் சொல் தெரியாதவரிடம் "ஸ்டாக் டிரேஸ் கொடுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதும் இதே விளைவைத்தான் தரும்.

கோப்பு வருகிறது. நாற்பது பக்கம். அதில் "கொடி" என்று தேடினால் உண்மையிலேயே கிடைக்கவில்லை. இப்போது கோப்பைக் குறைக்கத் தொடங்குங்கள். பின்பாதியை நீக்கிவிட்டுத் தேடுங்கள். சிக்கல் இன்னும் இருந்தால் மீதியிலும் பாதியை நீக்குங்கள். மறைந்துவிட்டால் நீக்கிய பாதியை எடுத்துக்கொண்டு தொடருங்கள். கடைசியில் கையில் ஒரே வரி, அதிலும் ஒரே சொல் மிஞ்சும்: கொடி. கோப்பில் இருக்கும் அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் கிடைக்கிறது. நீங்களே தட்டச்சு செய்து தேடினால் கிடைப்பதில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

ஆகவே வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கோப்பின் உள்ளே இருக்கும் எண்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் இரண்டையும் திறந்தால் பதில் கிடைத்துவிடும். எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடில் ஒகர உயிர்க்குறியை இரண்டு வகையாக எழுதலாம். முழுக் குறியையும் ஒரே குறியெண்ணாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியெண்களாக, மெய்க்குப் பின்னால் அடுத்தடுத்து வைக்கலாம். இரண்டும் சமமானவை என்று யூனிகோடு தரநிலை சொல்கிறது. இந்தத் தொகுப்பியின் தேடல் குறியெண்களை அப்படியே ஒப்பிடுவதால் இரண்டையும் வேறு சொற்களாக எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. துணைக்காலுக்குப் பதில் ரகரத்தையும், ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதில் ளகரத்தையும் தட்டச்சு செய்கிற பழக்கம் பரவலாக உண்டு. அது எழுத்துப்பிழை, யூனிகோடின்படி சமமும் அல்ல. கோப்பில் இருப்பது அந்த வகையா என்று பார்த்து, அது இல்லை என்று உறுதி செய்தபிறகுதான் தேடலின் மேல் குற்றம் சொல்ல வேண்டும். இப்படி மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, கழித்ததையும் அறிக்கையில் எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவர் அதே இடத்தில் மறுபடி முட்டிக்கொள்ள மாட்டார்.

இன்னொரு படி பாக்கி இருக்கிறது. இந்தத் தொகுப்பியின் தேடல் பகுதியை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தமிழ்ச் சொல்லைக் காட்டி "இது கிடைக்கவில்லை" என்றால் அவரால் எதையும் சரிபார்க்க முடியாது. பிரெஞ்சு மொழியின் மேற்குறியிட்ட எழுத்துகளும் இதேபோல ஒரே குறியெண்ணாகவோ, அடிப்படை எழுத்தும் மேற்குறியுமாகவோ எழுதப்படலாம். அதையும் சோதித்துப் பாருங்கள். அங்கேயும் தேடல் தவறினால், வழு ஒரு மொழிக்கு மட்டும் உரியது அல்ல என்று நிறுவியாயிற்று. இந்த ஒரு வரியால் அறிக்கையின் எடையே மாறிவிடும். பல ஆண்டுகளாகத் தூங்கும் மொழிசார் வழுக்கள் பல, அவற்றைத் திருத்தக்கூடியவரின் கையில் சோதிக்கும் வழி இல்லாததால்தான் தூங்குகின்றன.

இப்போது தலைப்பை மாற்றலாம். "தேடல் வேலை செய்யவில்லை" என்றிருந்தது "தேடல்: யூனிகோடில் சமமான இருவகைக் குறியேற்றங்கள் பொருந்துவதில்லை" என்று ஆகட்டும். கீழே ஒரு குறிப்பு:

"செய்யும் முறை: 1. இணைத்துள்ள ஒருவரிக் கோப்பைத் திறக்கவும். 2. தேடல் பெட்டியில் 'கொடி' என்று தட்டச்சு செய்யவும். 3. என்டர் அழுத்தவும்.
எதிர்பார்ப்பது: சொல் தேர்வாக வேண்டும்.
நடப்பது: 'கிடைக்கவில்லை' என்ற செய்தி.
நிலைப்பதிப்பிலும் இன்றைய நைட்லியிலும் வருகிறது. ரகரம், ளகரம் மாற்றித் தட்டச்சு செய்த பிழை அல்ல என்று ஹெக்ஸில் பார்த்து உறுதி செய்தேன். பிரெஞ்சுச் சொல்லோடு இரண்டாவது கோப்பும் இணைத்துள்ளேன், அதிலும் இதேதான்."

நாற்பது பக்கக் கோப்பும் ஒரு கோபமான வாக்கியமும் இருந்த இடத்தில், யாரும் அரை நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய ஒன்று வந்துவிட்டது. வழு அறிக்கை வேலையின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பதில் வராத அறிக்கைகள்

தகவல் கேட்டும் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு திட்டமும் முடிவு செய்து வைத்திருக்கிறது. உபுண்டுவின் லாஞ்ச்பேடில் "இன்கம்ப்ளீட்" நிலையில் 60 நாள் அசைவில்லாமல் இருந்தால் அறிக்கை தானாகக் காலாவதியாகும். மற்ற திட்டங்களிலும் ஏதோ ஒரு கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்கு முன்னால் நீங்களாக மூடாதீர்கள்.

புதியவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்காது. பழைய அறிக்கைகளை வரிசையாகத் திறந்து, எதையும் சோதிக்காமல், "புதிய பதிப்பில் இன்னும் வருகிறதா?" என்று ஒரே வாக்கியத்தை ஒட்டிக்கொண்டே போவது. எண்ணிக்கை ஏறும், வேலை எதுவும் நடந்திருக்காது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் உழைத்து அறிக்கை எழுதிய ஒருவருக்கு, அதைப் படித்துக்கூடப் பார்க்காத ஒருவரிடமிருந்து முதல் பதிலாக அந்த வாக்கியம் வந்தால் எப்படி இருக்கும்? செய்யும் முறை அறிக்கையிலேயே எழுதியிருந்தால் நீங்களே செய்து பாருங்கள். முடியாத இடத்தில் மட்டும் கேளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அறிக்கைகளை முழுதாக முடிப்பது இருநூறு அறிக்கைகளைத் தட்டி எழுப்புவதைவிட மேல்.

ஒரே வழு, பல அறிக்கைகள்

ஒரே வழுவைப் பலர் பல சொற்களில் எழுதியிருப்பார்கள். தலைப்பை மட்டும் தேடினால் அவை அகப்படாது. பிழைச் செய்தியின் சரியான வாசகம், செயலிழப்பு நடந்த செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) பெயர், பட்டியலில் உள்ள கட்டளையின் பெயர் என்று பலவகையில் தேடிப் பாருங்கள். இரண்டு அறிக்கைகள் கிடைத்தால், எது பழையது என்பதைவிட எதில் தெளிவான தகவல் இருக்கிறது என்று பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் விதி வேறாக இருந்தால் விதிப்படி செய்யுங்கள். மூடும் அறிக்கையில், ஏன் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். அறிகுறி ஒன்றாக இருந்து காரணம் வேறாக இருப்பதும் உண்டு. ஐயம் இருந்தால் இணைக்காமல், "தொடர்புடையதாக இருக்கலாம்" என்று மட்டும் குறியுங்கள்.

வழு எந்த வீட்டுக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். உபுண்டுவில் வரும் ஃபயர்ஃபாக்ஸ் கோளாறு உபுண்டுவின் பொதியாக்கத்தால் (மென்பொருளை நிறுவத் தயாராகக் கட்டித் தரும் முறையால்) வந்ததாக இருக்கலாம். மொசில்லாவின் மூலநிரலில் இருப்பதாகவும் இருக்கலாம். மொசில்லா தரும் பில்டை நேரடியாக இறக்கிச் சோதித்தால் தெரிந்துவிடும். மூலத் திட்டத்தில்தான் வழு என்றால் அங்கே பதிந்து, இரண்டு அறிக்கைகளையும் ஒன்றுக்கொன்று இணைத்துவிடுங்கள்.

எப்போது உடைந்தது?

முன்பு சரியாக இருந்து இப்போது உடைந்த வழுவை ரிக்ரஷன் என்பார்கள். தரம் பிரிப்பவரின் கையில் இருக்கும் மிக வலுவான கருவி இங்கேதான் பயன்படுகிறது. எந்தப் பதிப்பில் சரி, எந்தப் பதிப்பில் தவறு என்று இரண்டு முனைகள் தெரிந்தால் போதும். நடுவில் உள்ளதைச் சோதித்து, சரியா தவறா என்று சொல்லி, மீதிப் பாதியில் மறுபடி நடுவைச் சோதித்துக்கொண்டே போகலாம். நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில், கிட் பைசெக்ட் என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. நடுவில் ஆயிரம் கமிட்கள் இருந்தாலும் ஏறக்குறைய பத்துச் சோதனைகளில் வழுவைக் கொண்டுவந்த ஒரே கமிட்டில் போய் நிற்பீர்கள்.

ஒவ்வொரு முறையும் பில்ட் செய்ய வேண்டுமே என்று தயங்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸுக்கு மோஸ்ரிக்ரஷன் என்ற கருவி இருக்கிறது. இரண்டு தேதிகளைக் கொடுத்தால் அதுவே நடுவில் உள்ள நைட்லியை இறக்கித் திறந்து காட்டும். நீங்கள் "குட்" அல்லது "பேட்" என்று மட்டும் சொல்ல வேண்டும். லிப்ரெஆபீஸில் பிபிசெக்ட் என்ற பெயரில், ஏற்கெனவே பில்ட் செய்த பதிப்புகளையே கிட் களஞ்சியமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அளவு பெரியது, ஒருமுறை இறக்கிக்கொண்டால் நிரலாக்கமே தெரியாதவரும் வழு நுழைந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன். சில நேரம் வரும், சில நேரம் வராது என்ற வகை வழுக்களில் பைசெக்ட் ஏமாற்றிவிடும். ஒரு முறை வரவில்லை என்று "குட்" சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே தவறான பாதிக்குள் போகும். அப்படிப்பட்ட வழுவுக்கு ஒவ்வோர் இடத்திலும் பல முறை சோதித்தபிறகே சரி என்று சொல்லுங்கள். முடிவில் கிடைத்த கமிட்டை நீக்கிப் பார்த்தால் வழுவும் போகிறதா என்று சரிபார்த்துவிட்டால் கேள்விக்கே இடமில்லை. அந்தக் கமிட்டை எழுதியவரை அறிக்கையில் சேர்க்கும்போது குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். "இந்த மாற்றத்துக்குப் பிறகு வருகிறது, பார்க்க முடியுமா?" என்பது போதும்.

செயலிழப்புகள், பதிவுகள்

மென்பொருள் திடீரென மூடிக்கொள்ளும் வழுக்களுக்கு ஸ்டாக் டிரேஸ், அதாவது அந்த நொடியில் எந்தச் செயற்கூறு எதை அழைத்திருந்தது என்ற பட்டியல், வேண்டும். முகவரிகளைச் செயற்கூற்றுப் பெயர்களாகக் காட்ட உதவும் டீபக் சிம்பல்கள் இல்லாமல் எடுத்த டிரேஸில் வெறும் முகவரிகள்தான் இருக்கும். அதனால் யாருக்கும் பயனில்லை. அவற்றை எப்படி நிறுவுவது என்று ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலும் தன் ஆவணங்களில் எழுதி வைத்திருக்கிறது. பதிவுக் கோப்புகளைப் பொதுவில் இணைக்குமுன் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். கடவுச்சொல், அணுக்க டோக்கன், மின்னஞ்சல் முகவரி, வீட்டு அடைவின் பெயர் எல்லாம் அவற்றில் ஒட்டிக்கொண்டு வரும். பிறர் தெரியாமல் இணைத்துவிட்டதைக் கண்டாலும் உடனே பராமரிப்பாளரிடம் சொல்லி நீக்கச் செய்யுங்கள்.

பாதுகாப்பு ஓட்டை என்று தோன்றினால்

பொது டிராக்கரில் எழுதவே கூடாது. திருத்தம் வருமுன் வழி எல்லோருக்கும் தெரிந்துவிடும். பக்ஸில்லாவில் அறிக்கையைப் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் தெரியும்படி வைக்க வசதி உண்டு. கிட்ஹபில் தனிப்பட்ட முறையில் அறிவிக்கும் வழியைத் திட்டங்கள் திறந்து வைத்திருக்கலாம். பெரும்பாலான திட்டங்களில் பாதுகாப்பு முகவரி ஒன்று இருக்கும்.

2024 மார்ச்சில், தரவைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் நிரலகத்தில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், டெபியனின் வளர்நிலைப் பதிப்பில் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து செய்யும் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அவர் அதை விடாமல் துருவியபோது, நம்பிக்கைக்குரிய பங்களிப்பாளராக வளர்ந்த ஒருவர் அந்த நிரலகத்தில் புதைத்து வைத்த பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வெளிப்பட்டது. ஃபிராய்ண்ட் முதலில் டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கும், பிறகு மற்ற லினக்ஸ் வழங்கல்களுக்கும் தனிப்பட்ட முறையில் சொல்லிவிட்டு, மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். அரை விநாடி என்று அலட்சியம் செய்யாததும், சொல்ல வேண்டிய வரிசையில் சொன்னதும் இரண்டுமே இங்கே பாடம்.

இதே சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு முன்பே, எக்ஸ்இசட்டைத் தனியாகப் பராமரித்துவந்தவரை, வேலை மெதுவாக நடக்கிறது என்று சில கணக்குகள் தொடர்ந்து நெருக்கின; அந்த நெருக்கடியில்தான் பின்கதவை வைத்த அந்தப் புதியவரின் கைக்குப் பொறுப்பு போனது. டிராக்கரில் "எப்போது சரியாகும்?" என்று எழுதுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வழு உங்களையும் பாதிக்கிறது என்று சொல்ல, கட்டைவிரல் குறியை அழுத்தினால் போதும்.

திருத்தத்தில் இறங்குவது

சில வாரங்கள் தரம் பிரித்தபிறகு, "இதை நானே சரிசெய்யலாம்போல இருக்கிறதே" என்று ஏதோ ஒரு வழு தோன்றவைக்கும். தொடக்கநிலையினருக்கென்று குறியிட்டு வைத்தவையும் உண்டு: கிட்ஹப் திட்டங்களில் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ", லிப்ரெஆபீஸில் "ஈஸி ஹேக்". ஆனால் நீங்களே வரவழைத்து, நீங்களே சுருக்கிய வழுவைவிடப் பொருத்தமான முதல் வேலை வேறில்லை. அதன் உள்ளும் புறமும் உங்களுக்குத்தான் தெரியும். சில திட்டங்களில் வேலையைத் தொடங்குமுன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பல திட்டங்களில் நேராகப் பேட்ச், அதாவது நிரலில் நீங்கள் செய்த மாற்றம், அனுப்பினாலே போதும். பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். முடியவில்லை என்றால் விட்டுவிட்டு, அதுவரை கண்டுபிடித்ததை எழுதி வையுங்கள்.

மூலநிரலில் இடத்தைப் பிடிக்க எளிய வழி, திரையில் தெரியும் வாசகத்தைத் தேடுவது. நம் எடுத்துக்காட்டில் "கிடைக்கவில்லை" என்ற செய்தியின் மூல வாசகத்தைத் தேடினால், அதைக் காட்டும் செயற்கூறும், அதை அழைக்கும் தேடல் செயற்கூறும் அகப்படும். அந்த வரிகளை யார், எந்தக் கமிட்டில் எழுதினார் என்பதை கிட் பிளேம் என்ற கட்டளை காட்டும். பழைய கமிட் செய்தியைப் படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள். விசித்திரமாகத் தெரியும் வரி வேறொரு வழுவுக்குத் திருத்தமாக வந்திருக்கக்கூடும்.

முதலில் சோதனையை எழுதுங்கள். இரண்டு குறியேற்றங்களில் "கொடி", ஒன்றில் மற்றொன்றைத் தேட வேண்டும். இப்போது அது தோற்க வேண்டும். தோற்பதைக் கண்ணால் பார்த்தபிறகு திருத்துங்கள். தோற்று நாம் பார்க்காத சோதனையை நம்ப முடியாது.

திருத்தம் எளிது போலத் தோன்றும்: ஒப்பிடுமுன் தேடும் சொல்லையும் உரையையும் யூனிகோடு நார்மலைசேஷன் (இயல்பாக்கம்) மூலம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பொருந்திவிடும். பொருந்தும். ஆனால் அப்படிக் கொண்டுவரும்போது மூன்று குறியெண்கள் இரண்டாகச் சுருங்குவதால், சொல் கிடைத்த இடத்தின் எண்ணிக்கை மூல உரையோடு ஒத்துப்போகாது. தேர்வாகும் பகுதி ஓரிரு எழுத்து தள்ளி விழும். "மாற்று" கட்டளை தவறான எழுத்துகளை அழித்துவிடும். ஆகவே இயல்பாக்கிய உரையின் ஒவ்வோர் இடமும் மூல உரையின் எந்த இடத்துக்குச் சமம் என்ற அட்டவணையையும் சேர்த்து வைக்க வேண்டும். அதற்கும் ஒரு சோதனை: "கொடி கொடி" என்ற வரியில் இரண்டாவதைத் தேடி, தேர்வு சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பேட்சை மறுஆய்வு செய்கிறவர் இதைத்தான் முதலில் கேட்பார். பெரிய உரையில் ஒவ்வொரு தேடலுக்கும் முழுவதையும் இயல்பாக்கினால் வேகம் என்ன ஆகும் என்பது அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும். அளந்து பார்த்து விடையைத் தயாராக வைத்திருங்கள்.

பேட்சில் இந்த ஒரு திருத்தம் மட்டும் இருக்கட்டும். போகிற போக்கில் இடைவெளிகளைச் சீர்செய்வது, மாறிகளின் பெயரை மாற்றுவது எல்லாம் வேண்டாம். கமிட் செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். அறிக்கையின் எண்ணைச் சேருங்கள். லினக்ஸ் கர்னல் போன்ற சில திட்டங்களில், இந்த நிரலைத் தர உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதியளிக்கும் "சைன்ட் ஆஃப் பை" வரி கட்டாயம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைச் சரிபார்க்காமல் அனுப்புவது இப்போது பராமரிப்பாளர்களுக்குப் பெரும் சுமையாகிவிட்டது. தரவுப் பரிமாற்றக் கருவியான கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், இப்படி வரும் போலிப் பாதுகாப்பு அறிக்கைகள் தங்கள் நேரத்தை எப்படித் தின்கின்றன என்று 2024-இலிருந்து பலமுறை எழுதியிருக்கிறார். சில திட்டங்கள் அத்தகைய பங்களிப்புகளையே ஏற்பதில்லை, விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் மறுஆய்வில் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

அனுப்பிய பிறகு

தானியங்கிச் சோதனைகள் ஓடும். உங்களால் வராத தோல்விகளும் அவற்றில் இருக்கும். உங்கள் மாற்றம் இன்னும் சேராத முதன்மைக் கிளையிலும் அதே சோதனை தோற்கிறதா என்று பார்த்து, தோற்றால் அதை எழுதி வையுங்கள். மறுஆய்வுக்கு ஒரு வாரம், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகலாம். இரண்டு வாரம் ஓசையே இல்லை என்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். "இதை இப்படி மாற்றுங்கள்" என்று பத்துக் குறிப்புகள் வந்தால், உங்கள் நிரலை ஒருவர் வரி வரியாகப் படித்திருக்கிறார் என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தோடு சொல்லுங்கள்.

பேட்ச் இணைக்கப்பட்டதும் அறிக்கைக்குத் திரும்பி வாருங்கள். மறுநாள் நைட்லியில் அந்த ஒருவரிக் கோப்பைத் திறந்து சோதியுங்கள். சரியாக இருந்தால், திருத்தம் எந்தப் பதிப்பில் வெளிவரும் என்பதை அறிக்கை எழுதியவருக்குத் தெரிவித்து, அவருடைய நாற்பது பக்கக் கோப்பிலும் இப்போது தேடல் வருகிறதா என்று கேளுங்கள். அவருடைய கோப்பைத் திட்டத்தின் சோதனைத் தொகுப்பில் சேர்ப்பதாக இருந்தால் அவருடைய ஒப்புதல் வேண்டும். அதைவிட, நீங்களே புதிதாக உருவாக்கிய சின்னக் கோப்பைச் சேர்ப்பது நல்லது. லிப்ரெஆபீஸின் மூலநிரலில் வழு எண்ணையே பெயராகக் கொண்ட இப்படிப்பட்ட சோதனைக் கோப்புகள் ஏராளம். யாராவது பின்னாளில் தேடல் செயற்கூற்றை மாற்றி எழுதும்போது, உங்கள் கோப்பை வைத்து அந்தச் சோதனை ஒவ்வொரு பில்டிலும் ஓடிக்கொண்டிருக்கும்.